கோரிடோரஸ் தொட்டிக்கு மணல்: எதை வாங்குவது, வீவக வீட்டில் எப்படிக் கழுவுவது?

புங்கோல்_தொட்டி

வணக்கம். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இரண்டடித் தொட்டி, 60 × 30 × 36 செ.மீ. உள்ளே ஆறு வெண்கலக் கோரிடோரஸ் (அடியில் மேயும் சிறு கெளுத்தி, சுருக்கமாகக் கோரி), பத்து நியான் டெட்ரா. பின்பக்கம் தொங்கும் ஃபில்டர். ஹீட்டர் இல்லை, தண்ணீர் எப்போதும் 28–29 டிகிரி. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம்.

அடியில் 4–5 மி.மீ. கூழாங்கல் கிடக்கிறது. இரண்டு கோரிகளுக்கு மீசை தேய்ந்து குட்டையாக இருக்கிறது. கல்லை எடுத்துவிட்டு மணல் போட முடிவு செய்துவிட்டேன். எந்த மணல் என்பதில்தான் குழப்பம். மீன் கடையில் 5 கிலோ பை விற்கிறார்கள். ஹார்ட்வேர் கடையில் குழந்தைகள் விளையாடும் மணல் 10 கிலோ மூட்டை, நீச்சல்குள ஃபில்டர் மணல் 25 கிலோ மூட்டை. கிலோ கணக்கில் பார்த்தால் மீன் கடைக்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. உள்ளே இருக்கும் சரக்கில் உண்மையிலேயே வித்தியாசம் உண்டா?

சிலிக்கா மணல் போட்டால் பழுப்புப் பாசி பிடிக்கும் என்கிறார்கள். ஈஸ்ட் கோஸ்டில் கொஞ்சம் அள்ளிக் கழுவிப் போடு என்கிறார் ஒரு நண்பர். கொதிக்க வைக்காமல் போடக் கூடாது என்கிறார் இன்னொருவர். கழுவுவதென்றால் குளியலறையில்தான் முடியும். தரைக் கழிவுக்குழி அடைத்துக்கொண்டால் கீழ் வீடு வரைக்கும் தலைவலி. கடைசியாக, ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில் மீனை வைத்துக்கொண்டு எப்படி மாற்றுவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய_சைஃபன்

தம்பி, கடற்கரை மணலை முதலில் தள்ளிவிடலாம். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் இருந்து அனுமதியில்லாமல் மணல் எடுக்கக் கூடாது. அதை விட்டாலும், அந்த மணலில் சிப்பித்தூள், உப்பு, மக்கிய இலை, சில நேரம் எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் இருக்கும். உப்பைக் கழுவி எடுக்கலாம். சிப்பித்தூளை எடுக்க வழியே இல்லை. அது மெல்லக் கரைந்து கேஎச்சையும் (கார்பனேட் கடினத்தன்மை) பிஎச்சையும் (அமில-கார அளவு) ஏற்றும். நம் குழாய்த் தண்ணீரில் கேஎச் குறைவு என்பதால் கொஞ்சம் கரைந்தாலே அளவில் தெரியும். மீன் கடைகளில் வெள்ளை வெளேர் என்று பவளமணல் விற்கிறார்களே, அதற்கும் இதே கதைதான். ஆப்பிரிக்க ஏரி சிக்லிட் மீன் வளர்ப்பவர் வாங்கட்டும், டெட்ராவும் கோரியும் வளர்ப்பவருக்கு வேண்டாம்.

மூட்டையில் என்ன பெயர் அச்சடித்திருக்கிறது என்பது பெரிய விஷயமில்லை. பருமன், வடிவம், கரையாத தன்மை மூன்றும் சரியாக இருந்தால் போதும்.

பருமன் 0.3 முதல் 1 மி.மீ. வரை. கோரி மணலை வாயில் அள்ளிச் சலித்துச் செவுள் வழியாக வெளியே விடும். 2 மி.மீ.க்கு மேல் போனால் அதனால் அது முடியாது, கல் இடுக்கில் முகத்தை நுழைத்துத் தேட ஆரம்பிக்கும். நேர்மாறாக 0.2 மி.மீ.க்குக் கீழே மாவு போல இருந்தால் மணல் இறுகிவிடும், உள்ளே தண்ணீர் ஓட்டம் இருக்காது, கெட்ட வாயு சேரும். நீச்சல்குள ஃபில்டர் மணல் பெரும்பாலும் 0.5–1 மி.மீ.க்குள் சலித்து வருவது. ஆகவே தூசி குறைவு, கழுவும் வேலையும் குறைவு. விளையாட்டு மணலில் பருமன் கலந்து வரும், களிமண் பூச்சும் இருக்கும், ஆனால் துகள் உருண்டையாக இருக்கும். இரண்டில் எது என்றால் என் ஓட்டு நீச்சல்குள மணலுக்கு. விளையாட்டு மணலும் கெடுதல் இல்லை, கை வலிக்கும், அவ்வளவுதான்.

வடிவத்தைச் சோதிக்க ஈர மணலைக் கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிசையுங்கள். குத்தினால் வேண்டாம். மணல்வீச்சுத் துப்புரவுக்கு விற்கும் கறுப்புக் கசடு மணலும் கிரானைட்டை உடைத்துச் செய்த எம்-சாண்டும் இந்தச் சோதனையிலேயே தோற்றுவிடும். கட்டடம் கட்டும் மணலும் வேண்டாம், அதில் களிமண்ணோடு சிமெண்ட் கலந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

சாயம் பூசிய மணல் வாங்கினால் வெந்நீரில் நனைத்து வெள்ளை டிஷ்யூவில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் பூச்சு உரிகிறது என்று பொருள், திருப்பிக் கொடுத்துவிடலாம்.

சிலிக்காவும் பழுப்புப் பாசியும்: குவார்ட்ஸ் 28 டிகிரித் தண்ணீரில் கிட்டத்தட்டக் கரையவே கரையாது. டயட்டத்துக்கு, அதாவது அந்தப் பழுப்புப் பாசிக்கு, வேண்டிய சிலிக்கேட் பெரும்பாலும் குழாய்த் தண்ணீரோடு வருவது. புதுத் தொட்டியில் மணல் போட்டாலும் போடாவிட்டாலும் சில வாரம் பழுப்புப் படலம் வரும், தானே போகும். வெள்ளை மணலில் அது பளிச்சென்று தெரிவதால் பழி மணல் மேல் விழுகிறது.

அளவு: நீளம் × அகலம் × ஆழம், எல்லாம் செ.மீ.யில், 1000ஆல் வகுத்தால் லிட்டர். அதை 1.6ஆல் பெருக்கினால் கிலோ. உங்களுக்கு 3 செ.மீ. என்றால் 5.4 லிட்டர், ஏறக்குறைய 8.6 கிலோ. 4 செ.மீ. என்றால் 11.5 கிலோ. கோரிக்கு 3 செ.மீ. தாராளம். கழுவும்போது கொஞ்சம் போகும் என்பதையும் சேர்த்து 10 கிலோ வாங்குங்கள். 25 கிலோ மூட்டை மலிவு என்று வாங்கிவிட்டு மீதியைக் கட்டில் அடியில் வைப்பதற்குப் பதிலாக, பக்கத்தில் தொட்டி வைத்திருப்பவர் யாராவது இருந்தால் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

---

மீனாட்சி_உட்லண்ட்ஸ்

சைஃபன் அண்ணன் சொன்னதோடு ஒரு திருத்தம். மீசை தேய்வதற்குக் கல் மட்டும் காரணமில்லை. கல் இடுக்கில் சேரும் தீவனமும் கழிவும் அழுகி, அங்கே பெருகும் பாக்டீரியா மீசையை அரிப்பது பெரிய காரணம். மென்மையான மணலைப் போட்டுவிட்டுச் சுத்தம் செய்யாமல் விட்டால் அதே மீசை அங்கேயும் தேயும். அடித்தளம் சுத்தமாக இருந்தால், அடிவேர் போகாத மீசை மெல்ல வளரும்.

எந்த மணல் வாங்கினாலும் தொட்டியில் போடுமுன் மூன்று சோதனை செய்யுங்கள்.

வினிகர் சோதனையைப் பலரும் தப்பாகச் செய்கிறார்கள். காய்ந்த மணலில் வினிகரை ஊற்றினால் துகள்களுக்கு இடையில் இருந்த காற்று குமிழாக மேலே வரும், உடனே சுண்ணாம்பு என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஒரு தேக்கரண்டி மணலை முதலில் தண்ணீரில் நனைத்துக் கலக்கி, தண்ணீரை வடித்துவிட்டு, அப்புறம் வெள்ளை வினிகர் ஊற்றுங்கள். கைப்பேசி டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து இரண்டு நிமிடம் பாருங்கள். ஒரே துகளில் இருந்து பொடிக் குமிழ்கள் சரம் சரமாகக் கிளம்பினால் அது கார்பனேட். இரண்டு மூன்று குமிழ் வந்து நின்றுவிட்டால் காற்று. வினிகர் வலுக்குறைந்த அமிலம், கொஞ்சமாக இருக்கும் சுண்ணாம்பை அது காட்டாமல் போகலாம். ஏபிஐ நிறுவனத்தின் நைட்ரேட் சோதனைப் பெட்டி வைத்திருந்தால் அதன் முதல் குப்பியில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது, அதை மணலில் நாலு சொட்டு விட்டால் பதில் தெளிவாக வரும். கண்ணில், கையில் படாமல்.

இரண்டாவது ஊறல் சோதனை. 200 கிராம் கழுவிய மணல், 400 மி.லி. குழாய்த் தண்ணீர், ஒரு மூடி போட்ட பாட்டில். பக்கத்தில் அதே தண்ணீர் மட்டும் ஊற்றிய இன்னொரு பாட்டில். ஏழு நாள் கழித்து இரண்டிலும் பிஎச், கேஎச் பாருங்கள், மீட்டர் இருந்தால் டிடிஎஸ்ஸும் (தண்ணீரில் கரைந்திருக்கும் பொருள்களின் மொத்த அளவு). வெறும் தண்ணீர் பாட்டிலை வைக்காமல் செய்தால் சோதனையே வீண். குழாய்த் தண்ணீரின் பிஎச் சும்மா நின்றாலே மாறும், அந்த மாற்றத்தை மணல் தலையில் கட்டிவிடுவோம். மணல் பாட்டிலில் கேஎச் ஒரு டிகிரிக்கு மேல் ஏறியிருந்தால் அந்த மணல் உங்களுக்கு வேண்டாம். மூடியை மறக்காதீர்கள். 20 காசு நாணய அளவு தேங்கிய தண்ணீரே ஏடிஸ் கொசுவுக்குப் போதும் என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. மணல் ஊறும் வாளிக்கும் இதே விதி: மூடுங்கள், இல்லை அன்றைக்கே கொட்டிக் கவிழ்த்துவிடுங்கள்.

மூன்றாவது காந்தம். காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் காய்ந்த மணலில் இழுங்கள். பைக்குள் வைக்கும் காரணம், ஒட்டிய துகளை உதறி எடுக்க வேண்டுமே. கறுப்புத் துகள் கொத்தாக ஒட்டினால் அது இரும்புத்தாது. மீனுக்கு விஷமில்லை, ஃபில்டருக்குத்தான் ஆபத்து. ஃபில்டரின் சுழலியே ஒரு காந்தம், அதில் போய் ஒட்டிக்கொண்டு அறையைச் சுரண்டும்.

மூட்டையைப் பிரிக்கும்போது முகக்கவசம் போடுங்கள், பிரித்தவுடன் தண்ணீர் தெளித்துவிடுங்கள். சிலிக்கா தூசி நுரையீரலுக்கு நல்லதல்ல. வீட்டில் குழந்தைகள் இருந்தால் காய்ந்த மணலைக் கூடத்தில் வைத்துச் சலிக்கவே வேண்டாம்.

---

புங்கோல்_தொட்டி

ரொம்ப நன்றி அண்ணன், அக்கா. விளையாட்டு மணல் 10 கிலோ வாங்கிவிட்டேன், 25 கிலோவை வைக்க இடமில்லை. அக்கா சொன்னபடி பார்த்ததில் நனைத்த மணலில் வினிகர் சத்தமே காட்டவில்லை. ஊறல் சோதனையில் இரண்டு பாட்டிலிலும் கேஎச், பிஎச் ஒன்றே. காந்தத்தில் மிளகுத்தூள் மாதிரி கொஞ்சம் கறுப்பு ஒட்டியது, பிடிப்பிடியாக இல்லை.

சிக்கல் கழுவுவதில். வாளியில் பாதி மணல் போட்டு, குழாயைத் திறந்துவிட்டுக் கலக்கிக் கொட்டுகிறேன். எத்தனை தடவை கொட்டினாலும் மஞ்சள் கலங்கல் நிற்கவில்லை. இதைக் கொதிக்க வைத்தால் தெளியுமா?

---

காக்காய்ப்பொன்

கொதிக்க வைத்தால் மஞ்சள் வெந்நீர் கிடைக்கும். கலங்கல் போகாது. மேலும் பாத்திரத்தில் மணலைக் கொதிக்க வைப்பது ஆபத்து. நீராவி மணலுக்கு அடியில் மாட்டிக்கொண்டு திடீரென்று குமுறும், கொதிநீரும் மணலும் முகத்தில் தெறிக்கும். மூட்டையில் வந்த புது மணலைக் கிருமி நீக்கம் செய்ய வேண்டிய தேவையே இல்லை. போக வேண்டியது தூசியும் களிமண்ணும்தான்.

வேறொருவர் தொட்டியில் கிடந்த மணலாக இருந்தால் கதை வேறு. அதை முதலில் தண்ணீரில் நன்றாக அலசி அழுக்கைப் போக்க வேண்டும், அழுக்கு இருந்தால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும். பிறகு மணம், சோப்பு சேராத சாதாரண ப்ளீச் ஒரு பங்கு, தண்ணீர் 19 பங்கு, ஒரு மணி நேரம். நாலைந்து அலசல். குளோரின் நீக்கியைத் தாராளமாகக் கலந்த தண்ணீரில் ஓர் இரவு, வாளியை மூடி வைத்து. வாசனை முற்றிலும் போனபின் தட்டில் பரப்பி உலர்த்துங்கள். இந்த வேலையில் வினிகர் பக்கத்திலேயே வரக் கூடாது. ப்ளீச்சும் வினிகரும் சேர்ந்தால் குளோரின் வாயு, நம் குளியலறைகளின் அளவுக்கு அது விளையாட்டில்லை.

இப்போது உங்கள் மஞ்சள் கலங்கல். இரண்டு தப்பு நடக்கிறது. ஒன்று, ஒரே நேரத்தில் மணல் அதிகம். இரண்டு, ஓடும் தண்ணீரில் உரசல் நடக்காது.

அந்த மஞ்சள், துகளின் மேல் பூச்சாக ஒட்டிய களிமண்ணும் இரும்புத்துருவும். தண்ணீரில் மிதக்கவிட்டுக் கலக்கினால் துகளும் துகளும் உரசாது, பூச்சு அப்படியே இருக்கும். அரிசி களைவது மாதிரி தண்ணீரைக் குறைத்துத் தேய்க்க வேண்டும். 10 லிட்டர் வாளியில் 3 கிலோ மணல், அதற்கு மேல் வேண்டாம். மணல் மூழ்கி விரல் கணு அளவு தண்ணீர் நின்றால் போதும். இரண்டு கையாலும் மூன்று நிமிடம் அழுத்திப் பிசைந்து தேயுங்கள், கனமான ரப்பர் கையுறையோடு. தண்ணீர் மோர்க்குழம்பு நிறத்துக்கு வந்துவிடும். அப்புறம்தான் வாளியின் முக்கால் வரை தண்ணீர், ஒரு வேகமான சுழற்று, ஐந்து எண்ணுங்கள், கொட்டுங்கள்.

ஏன் ஐந்து? அரை மி.மீ. மணல்துகள் 20 செ.மீ. தண்ணீரை மூன்றே நொடியில் கடந்து அடியில் உட்கார்ந்துவிடும். 0.02 மி.மீ. தூசிக்கு அதே தூரம் ஏறக்குறைய எட்டு நிமிடம். 0.002 மி.மீ. களிமண் துகளுக்கோ பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல். ஐந்து எண்ணிக் கொட்டினால் நல்ல மணல் வாளியிலேயே தங்கும், வேண்டாதது தண்ணீரோடு போகும். எண்ணாமல் கொட்டினால் மணலும் கூடப் போகும். அரை மணி நேரம் விட்டுக் கொட்டினால் தூசி திரும்பவும் மணல் மேல் படிந்திருக்கும், கழுவியும் பயனில்லை. குழாயைத் திறந்துவிட்டே கழுவும் பழக்கத்தில் இன்னொரு கோளாறு, அடி மணல் அசையாமலே கிடக்கும். கையை அடிவரை விட்டுப் புரட்டுங்கள்.

ஒரு தேய்ப்பு, மூன்று அலசல், மறுபடி ஒரு தேய்ப்பு, மறுபடி மூன்று அலசல். இந்த முறையில் மூன்றாவது சுற்றில் வித்தியாசம் தெரியும். போதுமா என்று பார்க்கக் கடைசித் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து, பின்னால் தமிழ் முரசு நாளிதழைப் பிடியுங்கள். பொடி எழுத்து படிக்க முடிந்தால் நிறுத்திவிடலாம். பளிங்கு மாதிரி வரவேண்டும் என்று மணிக்கணக்கில் போராடத் தேவையில்லை, மிச்சத்தை ஃபில்டர் பஞ்சு பிடித்துவிடும்.

கழிவுக்குழி விஷயம்: மணல் கலந்த தண்ணீரை நேராக ஊற்றவே ஊற்றாதீர்கள். தரைக்குழியின் வளைவில் மணல் போய் உட்கார்ந்தால் தண்ணீரில் போகாது, கட்டியாகும். சிங்க்குக்கும் கழிவறைக்கும் இதுவே. முதல் வாளித் தண்ணீரை இரண்டாவது வாளியில் ஊற்றி வையுங்கள். பத்து நிமிடத்தில் மணலும் கனமான தூசியும் அடியில் படியும். மேல் தண்ணீரைக் குழியில் விடுங்கள். அடிச்சேற்றைப் பழைய துணியில் வடித்து, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். குழியின் மேல் தட்டுக்கு ஒரு பழைய காலுறையை விரித்துவிட்டால் தப்பி வருவதும் மாட்டும். குப்பைக் குழாயில் போடும்போது பை கிழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஈர மணல் கனம்.

ஒரு அலசலுக்கு ஆறு லிட்டர் என்று வைத்தால் 10 கிலோவுக்கும் சேர்த்து 200 லிட்டர் போல வரும். காசுக்கணக்கில் ஒரு வெள்ளிகூட ஆகாது, ஆனாலும் கடைசி அலசல் தண்ணீரைத் தாழ்வாரச் செடிக்கோ தரை துடைக்கவோ பயன்படுத்தலாம்.

காந்தத்தில் ஒட்டிய மிளகுத்தூள் பெரிதில்லை. கழுவிய மணலைத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி, காய்ந்ததும் பைக்காந்தத்தை இரண்டு தடவை ஓட்டிவிடுங்கள்.

சோப்பு, டிஷ் வாஷ் பக்கம் போகாதீர்கள். மணலில் தங்கிய சோப்பைக் கழுவி எடுப்பது களிமண்ணை விடக் கஷ்டம்.

---

பழைய_சைஃபன்

காக்காய்ப்பொன் சொன்ன தேய்ப்பு முறை சரி. சேர்த்துக்கொள்ள ஒன்று: புது மணலைக் குழாய்த் தண்ணீரில் கழுவலாம், பாதகமில்லை. ஆனால் கடைசி அலசலுக்குக் குளோரின் நீக்கி கலந்த தண்ணீர் வையுங்கள். ஈர மணலுக்குள் லிட்டர் கணக்கில் தண்ணீர் ஒளிந்திருக்கும். இங்கே பொதுப் பயனீட்டுக் கழகம் தருவது குளோரமின் கலந்த தண்ணீர். வாளியில் ஓர் இரவு விட்டால் போய்விடும் என்பது குளோரினுக்குப் பொருந்தும், குளோரமின் அவ்வளவு லேசில் போகாது.

இனி மாற்றும் வேலை. மீனோடு தொட்டியில் மணலைக் கொட்டாதீர்கள்.

முந்தைய நாள் தீவனம் நிறுத்துங்கள். மணல் தயாராக ஈரமாக இருக்கட்டும். தொட்டித் தண்ணீரில் பாதியைச் சுத்தமான வாளிகளில் மேலோட்டமாக எடுத்து வையுங்கள், கல்லைத் தொடுமுன்பே. அடியைக் கிளறிவிட்டு எடுத்த தண்ணீர் பயனில்லாதது. மீன்களை அந்தத் தண்ணீரில் ஒரு வாளிக்கு மாற்றி, காற்றுக்கல் (காற்றுக் குமிழ் விடும் கல்) போட்டு, மூடி வையுங்கள். கோரி பயந்தால் எகிறும். ஃபில்டர் பஞ்சும் வளையங்களும் இன்னொரு வாளித் தொட்டித் தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும், கூடவே ஒரு காற்றுக்கல். 29 டிகிரியில் ஓட்டமில்லாமல் கிடந்தால் உள்ளிருக்கும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் சீக்கிரம் தீரும்.

கல்லைச் சிறிய பிளாஸ்டிக் முறத்தால் அள்ளுங்கள், சோப்பு படாத புது முறம். அடியில் பழுப்புச் சேறு கிளம்பும். அதைச் சைஃபனில் முழுக்க உறிஞ்சிவிடுங்கள், சிக்கனம் பார்க்காதீர்கள். பாறை இருந்தால் மணல் போடுமுன் அதைக் கண்ணாடித் தரையில் ஒரு மெல்லிய நுரைத்தாள் வைத்து உட்கார வையுங்கள். மணல் மேல் வைத்தால் கோரி அடியில் தோண்டித் தோண்டிச் சாய்த்துவிடும்.

ஈர மணலைக் கை கையாகப் பரப்புங்கள், பின்பக்கம் 4, முன்பக்கம் 3 செ.மீ. மேலே ஒரு சாப்பாட்டுத் தட்டு. எடுத்து வைத்த தண்ணீரை அந்தத் தட்டின் மேல் மெல்லிய குழாயில் விடுங்கள். வேகமாக ஊற்றினால் பள்ளம் விழும், கழுவியதெல்லாம் வீணாகிக் கலங்கும். குறையும் தண்ணீருக்குக் குளோரின் நீக்கி கலந்த புதுத் தண்ணீர். சீக்கெம் பிரைம் என்றால் 200 லிட்டருக்கு 5 மி.லி., மற்றவற்றுக்குக் குப்பியில் எழுதியபடி.

எடை ஏறுமே என்று வீவக தரைக்காகக் கவலைப்படுகிறவர்களுக்கு: 11 கிலோ மணல் போட்டால் 11 கிலோ ஏறாது. துகள்கள் நாலு லிட்டர் தண்ணீர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நிகரமாக 7 கிலோதான். கல்லை எடுத்த கணக்கையும் சேர்த்தால் ஒன்றுமே இல்லை.

---

மீனாட்சி_உட்லண்ட்ஸ்

பழைய கல்லில் ஒரு பிடியைக் கொசுவலைப் பையில் கட்டி, ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்தில் இரண்டு மூன்று வாரம் தொங்கவிடுங்கள். கல்லோடு சேர்ந்து நல்ல பாக்டீரியாவில் ஒரு பங்கு வெளியே போகிறது. முதல் இரண்டு வாரம் தீவனம் பாதி, ஒருநாள் விட்டு ஒருநாள் அம்மோனியா சோதனை. அதே வாரத்தில் ஃபில்டர் பஞ்சையும் கழுவிவிடாதீர்கள், இரண்டையும் ஒன்றாகச் செய்தால்தான் நைட்ரைட் ஏறும்.

---

புங்கோல்_தொட்டி

மாற்றிவிட்டேன். கோரிகள் மூக்கு வரைக்கும் மணலில் புதைத்துச் சலிக்கின்றன, செவுளில் மணல் பொசுபொசுவென்று கொட்டுகிறது. ஆனால் தண்ணீர் பால் மாதிரி இருக்கிறது. ஃபில்டரை ஓடவிடலாமா? இனி சைஃபன் எப்படிப் பிடிப்பது, மணலையே உறிஞ்சிவிடுமே?

---

காக்காய்ப்பொன்

பால் நிறம் எப்போது வந்தது என்று பாருங்கள். தண்ணீர் ஊற்றியவுடன் வந்து, நாளுக்கு நாள் மேலிருந்து கீழே தெளிந்தால் அது மணல் தூசி. ஊற்றியபோது தெளிவாக இருந்து, மூன்று நான்கு நாளில் வெண்புகையாகக் கிளம்பி, தெளியாமலே நின்றால் அது பாக்டீரியா பெருக்கம், மணலைக் குறை சொல்ல முடியாது. அப்போது அம்மோனியா பாருங்கள், தீவனத்தை இன்னும் குறையுங்கள், காற்றுக்கல் ஓடட்டும்.

ஃபில்டரை ஓடவிடுங்கள், ஆனால் உறிஞ்சு குழாயின் வாயில் ஸ்பாஞ்சுத் தொப்பி மாட்டி, வாய் மணலில் இருந்து குறைந்தது 5 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். தொப்பி இல்லாமல் ஓட்டினால் துகள் சுழலி அறைக்குள் போய் அச்சைத் தேய்க்கும். கரகரவென்று சத்தம் கேட்டால் உடனே நிறுத்தித் திறந்து அலசுங்கள். உள்ளே பழைய பஞ்சைத் தொடாமல், மெல்லிய வெள்ளைப் பஞ்சு ஒரு அடுக்கு கூடுதலாக வைத்து, அதை மட்டும் தினமும் மாற்றுங்கள். இரண்டு நாளில் தெளிந்துவிட வேண்டும். தெளிவாக்கும் திரவம் எல்லாம் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள்.

சைஃபன் குழாயை மணலில் குத்தாமல் 1–2 செ.மீ. மேலே பிடித்து, வட்டமாக லேசாகச் சுழற்றுங்கள். கழிவு மணலை விட இலேசானது, அது எழுந்து வரும். மணலும் எழுந்தால் குழாயை விரலால் மடித்து ஓட்டத்தைக் குறையுங்கள். கொட்டும் வாளியில் கொஞ்சம் மணல் சேரும், அதையும் தரைக்குழியில் விடாமல் அலசித் திரும்பப் போட்டுவிடலாம்.

வாரம் ஒருமுறை, தண்ணீர் மாற்றுமுன், ஒரு சாப்ஸ்டிக்கால் மணலை அங்கங்கே கிளறிவிடுங்கள். 3 செ.மீ. ஆழத்தில் கோரிகளே பாதி வேலையைச் செய்துவிடும். பாறைக்குப் பின்னால், மூலையில், அவை போகாத இடம்தான் கவனிக்க வேண்டியது. கிளறும்போது குமிழ் வந்து அழுகிய முட்டை வாடை அடித்தால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அந்த இடத்தை ஒரே நாளில் தோண்டாமல், சிறுசிறு பகுதியாகச் சில நாளில் கிளறுங்கள், காற்றுக்கல் ஓடட்டும். கண்ணாடியோரம் பச்சையாகத் தெரிவது வெளிச்சம் பட்டு வளர்ந்த பாசி, அதற்குப் பதற வேண்டாம்.

கிளறும் வேலைக்கு மலேசிய டிரம்பெட் நத்தையும் வைக்கலாம். பகலில் மணலுக்குள் புதைந்து நகர்ந்துகொண்டே இருக்கும். அதிகமாகத் தீவனம் போட்டால் நூற்றுக்கணக்கில் பெருகும். பெருகியதைக் கால்வாயிலோ நீர்த்தேக்கத்திலோ கொட்டுவது குற்றம், தயவுசெய்து செய்யாதீர்கள்.

---

பழைய_சைஃபன்

கண்ணாடி துடைக்கும் காந்தத்தை மறந்துவிட்டோம். குவார்ட்ஸ் கண்ணாடியை விடக் கடினம். காந்தத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரே ஒரு துகள் மாட்டினால் மேலிருந்து கீழ்வரை கீறல், அதை எடுக்க வழியில்லை. மணல் மட்டத்துக்கு மூன்று செ.மீ. மேலேயே காந்தத்தை நிறுத்துங்கள். கீழ்ப்பகுதியைப் பழைய ஏடிஎம் அட்டையால் மேல்நோக்கிச் சுரண்டுங்கள். காந்தம் மணலில் விழுந்துவிட்டால் அப்படியே ஒட்ட வைக்காமல் வெளியே எடுத்து, குழாயடியில் கழுவி, விரலால் தடவிப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். உங்கள் மணலில் இரும்புத்தாது கொஞ்சம் இருக்கிறது என்றீர்களே, அது காந்தத்தின் ஓரத்து இடுக்கில்தான் போய் ஒட்டும்.